டெல்டாவுக்குத் தண்ணீர் வரும் வழி தெரியும், போகும் வழி?

2023 பிப்ரவரி முதல் வாரம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பா முற்றி, அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டு விவசாயிகள் காத்திருந்தார்கள். பருவம் முடிந்துபோன பிறகு வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் மழையைக் கொட்டியது. கதிர்கள் சாய்ந்தன. மழை விட்ட பிறகும் வயலைவிட்டுத் தண்ணீர் போகவில்லை. சாய்ந்த நெல் தண்ணீரிலேயே கிடந்து முளைவிட்டது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று மாநில அரசு அறிவித்தது. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பான 17 சதவீதத்தைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போனது. மத்தியக் குழு வந்து நெல் மாதிரிகளை எடுத்துச் சென்றது.

அதே ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை வழக்கப்படி திறக்கப்பட்டது. ஆனால் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10 அன்று அணையை மூடிவிட்டார்கள். பிப்ரவரியில் தண்ணீர் மிஞ்சி அழிந்த அதே மண்ணில், செப்டம்பரில் தண்ணீரில்லாமல் பயிர் கருகியது. காலநிலை மாற்றம் காவிரி டெல்டாவில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரே ஆண்டைக் காட்டினால் போதும்.

காலநிலைக்கேற்ற வேளாண்மை என்ற பேச்சு இப்போது எல்லா மேடைகளிலும் கேட்கிறது. மருந்து தெளிக்கும் ட்ரோன், மண்ணின் ஈரத்தைக் கைபேசிக்கு அனுப்பும் கருவி, கார்பன் வரவு என்று பலவும் வரிசையாக வருகின்றன. 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் ஒன்று வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்கிறார்கள். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆராய்ச்சி வேண்டும், கருவிகளும் வேண்டும். ஆனால் டெல்டாவில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று செய்யப்படாமல் கிடக்கிறது. அது வடிகால். தூர்ந்துபோன வடிவாய்க்காலைத் திறந்துவிடாமல் இங்கே வேறெந்தப் பசுமைத் தொழில்நுட்பமும் முழுப்பலன் தராது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

டெல்டாவின் நில அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து கடல்வரை நிலம் மிக மெல்லச் சரிகிறது. திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் வந்துவிட்டால் சரிவு என்று சொல்ல ஏதுமில்லை. வெண்ணாற்றின் கிளைகளான அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு போன்றவை மேலே உள்ள ஊர்களுக்குப் பாசன ஆறுகள், கீழே உள்ள ஊர்களுக்கு வடிகால்கள். மேலூர் வயலிலிருந்து வடிகிற தண்ணீர் கீழூர் வயலுக்குப் பாய்ச்சலாகும் ஏற்பாடு இது. மழைக்காலத்தில் இதுவே தலைகீழாகிறது. மேலூர் வடிக்கிற வெள்ளம் கீழூரின் தலையில் இறங்குகிறது. அங்கிருந்து அது கடலுக்குப் போயாக வேண்டும். ஆனால் புயல் சமயத்தில் கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. கடல் மட்டம் உயர உயர, முகத்துவாரம் தண்ணீரை வாங்கும் நேரம் இன்னும் குறையும். உவர்நீர் உள்ளே ஏறுவதும் கூடும்.

இந்த அமைப்பு ஒரு ஒழுங்கான காலக் கணக்கை நம்பிக் கட்டப்பட்டது. ஜூனில் ஆற்றுத் தண்ணீர் வரும், குறுவை நடலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், அதற்குள் சம்பா வேர்பிடித்து எழுந்திருக்கும். தையில் அறுவடை, அறுவடைக்கு முன்பே ஈரத்தில் உளுந்து தெளிப்பு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. டெல்டாவின் கடலோரத்தில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். இந்தக் கணக்குதான் இப்போது குலைகிறது. 2016-இல் அந்தப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே அடித்துச் செல்லப்படும் அளவுக்குக் கொள்ளிடத்தில் வெள்ளம். அதே நாள்களில் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்ற குரல். அந்த நவம்பரிலேயே கஜா புயல். 2020-இன் இறுதியில் நிவர், பிறகு நகராமல் நின்று பெய்த புரெவி, அதைத் தொடர்ந்து 2021 ஜனவரியில் பருவம் தப்பிய பெருமழை. ஒரே சம்பாப் பயிர் மூன்று முறை தண்ணீருக்குள் நின்றது.

அணைத் திறப்பும் அப்படியே. 2022-இல் மே 24 அன்றே மேட்டூர் திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாத வித்தியாசம். நாற்றங்கால் எப்போது விடுவது, எந்த ரகம் வாங்குவது, குறுவையை விட்டுவிட்டு ஒரு போகச் சம்பாவுக்குப் போவதா என்ற எல்லா முடிவும் இந்தத் தேதியில் தொங்குகிறது.

தண்ணீர் வருவதற்காக நாம் நடத்திய போராட்டம் நீண்டது, நியாயமானது. 1990-இல் காவிரி நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் கர்நாடகம் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் இங்கே கணக்கு உண்டு, கட்சிகளுக்கு நிலைப்பாடு உண்டு, மறியல் உண்டு. வந்த தண்ணீர் வெளியேறுவதற்கு எந்த நடுவர் மன்றமும் இல்லை. எந்தத் தேர்தல் மேடையிலும் அது முழங்கப்படுவதில்லை. 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கப்பட்டதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். மண்ணைத் துளைக்க வரும் புதிய ஹைட்ரோகார்பன் திட்டங்களை அது தடுக்கிறது. அதே மண்ணில் 10 நாள் தேங்கும் மழைநீரைப் பற்றி அந்தச் சட்டம் எந்த முனைப்பும் காட்டவில்லை.

ஆண்டுதோறும் சித்திரை, வைகாசியில் டெல்டாவில் தூர்வாரும் பணி நடக்கிறது. அணை திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பொக்லைன் இறங்குகிறது. அந்த அவசரமே அந்தப் பணியின் இயல்பைத் தீர்மானித்துவிடுகிறது. ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால் பாய்ச்சல் வாய்க்காலுக்கு முதலிடம். வடிவாய்க்கால் பட்டியலின் அடியில் போகிறது. நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் ஓரளவு கவனம் பெறுகின்றன. வயலை ஒட்டி ஓடும் ‘சி’, ‘டி’ பிரிவு வாய்க்கால்களில் வேளாண் பொறியியல் துறை சில ஆண்டுகளாக வேலை செய்கிறது. அதற்கும் கீழே, நாலு வயல் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுகிற சின்னக் கன்னிகள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அவற்றில் ஆகாயத்தாமரை மண்டுகிறது, நெய்வேலி காட்டாமணக்கு வளர்கிறது, மனைப்பிரிவு போட்டால் முதலில் காணாமல் போவதும் அவைதான். புதிதாகச் சாலை போடும்போது மண்ணை உயர்த்துகிறார்கள். குழாய்ப் பாலத்தை வாய்க்கால் அடிமட்டத்துக்கு மேலே பதித்துவிட்டால், அந்தச் சாலை அந்த ஊருக்கு ஒரு அணையாகிவிடும்.

கடலோரத்தில் இன்னொரு கதை. இறால் பண்ணைகளுக்காக வெட்டிய குட்டைகளும் எழுப்பிய கரைகளும் வடிகால் பாதைகளை மறித்தன, விளைநிலத்தில் உப்பேற்றின. நாகப்பட்டினத்தின் நிலமற்றோருக்காக வாழ்நாளைக் கொடுத்த சர்வோதயர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தது. தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. உப்பின் பாதிப்பு அந்த நிலங்களில் இன்னும் பேசப்படுகிறது.

இனி விதைக்கு வருவோம், ஏனென்றால் டெல்டாவுக்குக் கிடைத்த உண்மையான நல்ல செய்தி அங்கேதான் இருக்கிறது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் முழுக்க மூழ்கினாலும் சாவதில்லை. காரணம் என்ன என்று பல ஆண்டுகள் தேடி, 2006-இல் ‘சப்1ஏ’ என்ற மரபணுவை அடையாளம் கண்டார்கள். சாதாரண நெல், மூழ்கியதும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டிவிட வேண்டும் என்று விறுவிறுவென வளர்கிறது. சேமித்த சத்தையெல்லாம் அதில் செலவழித்து, தண்ணீர் வடியும்போது எழ முடியாமல் அழுகிவிடுகிறது. சப்1 மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருக்கும் சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கிறது. இந்த மரபணுவை, டெல்டா விவசாயிகள் நெடுங்காலமாகப் பயிரிடும் சி.ஆர். 1009 ரகத்தில் கலப்பு முறையிலேயே ஏற்றி, சி.ஆர். 1009 சப்1 வந்தது. விவசாயி தன் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அதே 155 நாள் வயது, அதே குண்டு அரிசி, அதே கொள்முதல். நல்ல விஞ்ஞானம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது பயிரின் இளம்பருவத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்கலைத் தாங்கும். அதற்குள் தண்ணீர் வடிய வேண்டும். வடியாவிட்டால் அந்தப் பயிரும் போகும். பூக்கும் பருவத்திலோ கதிர் முற்றிய பிறகோ மூழ்கினால் இந்த மரபணுவால் பயனில்லை. 2021 ஜனவரியும் 2023 பிப்ரவரியும் நமக்குத் தந்தது அந்த வகை வெள்ளம்தான். இத்தனை அறிவியலாளர்களின் உழைப்பு விவசாயிக்குப் பதினான்கு நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பதினான்கு நாளில் தண்ணீரை வெளியேற்றும் கடமை அரசினுடையது.

நாட்டு ரகங்களைப் பற்றி இங்கே ஒரு சொல். காட்டுயாணம், மடுமுழுங்கி, கடலோர உப்பு நிலத்துக்கான குழியடிச்சான் போன்றவற்றைத் தேடிச் சேர்த்துப் பரப்பியவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாக்களில் ஆயிரக்கணக்கானோர் விதை வாங்கிப் போனார்கள். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த விதைகளில் இருக்கும் தாங்குதிறனை ஆய்வகமும் அரசும் தீவிரமாகச் சோதித்து, எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று சொல்லியிருக்க வேண்டும். எஃப்.ஆர்.13ஏ-வும் ஒருகாலத்தில் ஒரு ஏழை விவசாயியின் வயலில் நின்ற நாட்டு நெல்தான். பாரம்பரியமும் ஆராய்ச்சியும் எதிரெதிர் முகாம்கள் என்று நினைப்பதால் நட்டம் விவசாயிக்கே.

அடுத்து மீத்தேன். நெல் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போவதில்லை. காற்றில்லா மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வாயு கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வெப்பம் கூடினால் மழையின் ஒழுங்கு கெடும், மழை கெட்டால் மறுபடி நெல்லுக்கே அடி. இதற்குத் தீர்வு புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் அடுத்த பாய்ச்சல் விடுவது. மகசூல் குறையாமல், தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மீத்தேன் ஏறக்குறையப் பாதி வரை குறையும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடியைக் கற்றுக்கொடுத்தபோதே இந்த நீர் முறையும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

பிறகு ஏன் டெல்டாவில் இது பரவவில்லை? விவசாயிக்குப் புரியவில்லை என்று சொல்வது அநியாயம். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய, தண்ணீரை வேண்டும்போது விடவும் வேண்டாதபோது வடிக்கவும் கையில் அதிகாரம் வேண்டும். முறைப்பாசனத்தில் இன்று விட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாது. கிடைக்கும்போது கட்டிவைத்துக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு. அதில் ஒரு தவறும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வயலைக் காயவிட நினைத்தாலும் வடிவாய்க்கால் வயலைவிட உயரத்தில் நிற்கிறது. ஆக, சம்பாவை மூழ்காமல் காக்கும் அதே வடிகால்தான் வயலைக் காயவிட்டு மீத்தேனைக் குறைக்கவும் வழி செய்யும். பயிரைக் காப்பதும் வெப்பத்தைக் குறைப்பதும் ஒரே மண்வெட்டி வேலையில் நடக்கும் இடம் இது. இவ்வளவு மலிவாக இரண்டு பலன் தரும் வேறு திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

நம்மைப் போலவே கடலோர நெல் சமவெளியான வியட்நாமின் மீகாங் டெல்டா இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2030-க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் உயர்தர, குறைந்த உமிழ்வு நெல் சாகுபடி என்ற திட்டத்துக்கு அந்த நாடு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. அதற்கு அடித்தளம் பல ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டது. சான்று பெற்ற விதை கட்டாயம், விதை அளவு, உரம், பூச்சிமருந்து, தண்ணீர், அறுவடைக்குப் பிந்தைய இழப்பு ஐந்தும் குறைய வேண்டும் என்ற முறையை ஆன் ஜியாங் போன்ற மாகாணங்களில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அங்கே கரைகட்டிய வயல் தொகுதிகளுக்குக் கூட்டாகத் தண்ணீர் இறைக்கவும் வடிக்கவும் ஏற்பாடு உண்டு. ஒரு விவசாயி தனியாகக் காய்ச்சல் போட வேண்டியதில்லை, தொகுதியே சேர்ந்து போடுகிறது. அங்கும் சிக்கல்கள் இருக்கின்றன, உப்பு ஏறுகிறது, நிலம் தாழ்கிறது. ஆனாலும் நீரை நிர்வகிக்கும் பொறுப்பைத் தனி விவசாயியின் தலையில் கட்டாத அந்தப் பாடம் நமக்கு உதவும்.

குறைத்த மீத்தேனைக் கணக்கிட்டுக் கார்பன் வரவாக விற்கலாம் என்று நெல் விவசாயிகளை அணுகும் நிறுவனங்கள் பெருகுகின்றன. ஆனால் கார்பன் வரவுகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பான வெர்ரா, 2024-இல் சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தள்ளுபடி செய்தது. வயல் உண்மையில் காய்ந்ததா என்று நிரூபிக்க முடியாத இடத்தில் அந்த வணிகத்தை நம்பிக் குடும்பத்தைப் பணயம் வைக்கக் கூடாது. டெல்டா விவசாயி கையெழுத்திடும் ஒப்பந்தத்தை முதலில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் படித்துப் பார்க்க வேண்டும்.

நேரடி நெல் விதைப்பும் ஒரு நல்ல வழிதான். புழுதியில் விதைத்துவிட்டால் நாற்றங்காலுக்கும் சேற்றுழவுக்கும் ஆகும் தண்ணீர் மிச்சம், அணை தாமதமானாலும் முதல் மழையில் பயிர் முளைத்துவிடும். கடைமடையில் பலர் இதைத் தாமாகவே செய்துவருகிறார்கள். களைதான் இதில் பெரிய தொல்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நடவு குறையும் இடத்தில் நடவு நடும் பெண்களின் கூலி குறைகிறது. டெல்டாவின் நெல்லைக் காலங்காலமாகக் கையால் ஊன்றியவர்கள் அவர்கள். பசுமைத் திட்டத்தின் செலவை அவர்கள் வயிற்றில் எழுதிவிட்டு நாம் மேடையில் பேச முடியாது. வடிவாய்க்கால் பராமரிப்பை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்த்து, அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் அவர்களுக்கே கொடுக்க வேண்டும். பொக்லைன் போக முடியாத சின்னக் கன்னிகளுக்கு மண்வெட்டிதான் சரியான கருவி.

புதிதாக எதைச் செய்தாலும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்தை இப்போது யார் சுமக்கிறார்கள்? 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பைக் கணக்கிட, கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி மகசூலை அடிப்படையாக எடுக்கிறார்கள். இரண்டு மோசமான ஆண்டுகள் கணக்கிலிருந்து விலகிவிடும். ஆனால் ஏழில் மூன்றோ நான்கோ மோசமானால் அவை சராசரிக்குள் புகுந்துவிடும். சராசரி இறங்கும், இழப்பு சிறிதாகத் தெரியும், கைக்கு வரும் தொகை சுருங்கும். இயற்கையின் அடி கூடக்கூட காப்பீடு குறைகிற கணக்கு இது. காலநிலை மாறுகிறது என்று ஒப்புக்கொள்கிற அரசு, இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டிருப்பது நேர்மையல்ல.

குத்தகைதாரர்களின் நிலை இன்னும் மோசம். டெல்டாவில் கோயில், மடத்து நிலங்களை உழுகிறவர்கள் ஏராளம். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் பெயர் அடங்கல் பதிவேட்டில் இல்லையென்றால் நிவாரணம் நில உடைமையாளர் கணக்குக்குப் போகும். முளைவிட்ட நெல்லை வாரிக் கொட்டியவர் கையில் ஒன்றும் சேராது. இப்படிப்பட்டவரிடம் புது ரகம் போடுங்கள், காய்ச்சல் போடுங்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வடிகால் வரைபடம் வேண்டும். எந்த வயல் எந்தக் கன்னியில் வடிகிறது, அந்தக் கன்னி எந்த வாய்க்காலில் சேருகிறது, அது எந்த முகத்துவாரத்தில் முடிகிறது, நடுவில் எந்தக் குழாய்ப் பாலம் மறிக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். பழைய புலப்படங்களில் பாதி ஏற்கெனவே இருக்கிறது, மீதியை ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நீர்வளம், வேளாண் பொறியியல், ஊரக வளர்ச்சி, நெடுஞ்சாலை என நான்கு துறைகளும் அந்த ஒரே வரைபடத்தின் மேல் வேலை செய்ய வேண்டும். வடிகாலை மறிக்கும் சாலைக்குப் பணம் விடுவிக்கக் கூடாது. பாசன நிர்வாகத்தில் விவசாயிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கங்களுக்குப் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2000-லேயே இயற்றப்பட்டது. அந்தச் சங்கங்களுக்கு வடிகாலுக்கென்று தனி நிதியும், ஒப்பந்ததாரர் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அதிகாரமும் தர வேண்டும்.

வெண்ணாற்றுப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியுடன் காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரிலேயே ஆறுகளைச் சீரமைக்கும் பணிகள் நடந்தன. ஆற்றை அகலப்படுத்தியது சரி. ஆனால் அந்த ஆற்றில் வந்து சேரும் கிளை வடிகால்கள் தூர்ந்தே கிடந்தால் வயலுக்கு வித்தியாசம் தெரியாது. மாநிலம் 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போடுகிறது. அதில் வடிகாலுக்கு ஒரு தனித் தலைப்பு வேண்டும். மேட்டூர் திறப்பன்று அமைச்சர்கள் பூத்தூவுகிறார்கள். அதே அக்கறையோடு, ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு ஊராட்சியிலும் எத்தனை வடிவாய்க்கால் திறந்திருக்கிறது, எது மறித்துக் கிடக்கிறது, அதற்கு எந்த அதிகாரி பொறுப்பு என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதினால் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அந்த அதிகாரியின் வாசலில் போய் நிற்க விவசாயிகளுக்கு ஒரு மாதமாவது கிடைக்கும்.